அன்றைக்கு என்ன திதி?

அப்பா டப்ளினுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. குளிர் கொஞ்சம் பழகி, காலையில் தனியாக நடந்துபோய்ப் பால் வாங்கி வரும் அளவுக்கு எங்கள் ஃபேர்வியூ அவருக்குப் பிடிபட்டுவிட்டது. ஒருநாள் சாயங்காலம் பள்ளி விட்டு வந்த என் மகன், வரலாற்று வகுப்பில் கேட்டதையெல்லாம் தாத்தாவிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தான். 1014ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று அயர்லாந்து அரசன் பிரையன் போருவுக்கும், வடக்கேயிருந்து கப்பலில் வந்து குடியேறிய வைக்கிங்குகளுக்கும் நடந்த குளோண்டார்ஃப் போர். "நம்ம வீட்டுக்குப் பக்கத்துலதான் தாத்தா, பஸ்ஸுல போனா பத்து நிமிஷம்." அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "எந்த இடம்?"

அப்பா நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேதாரண்யம் பக்கம் உப்பளங்களையும் கடலோரப் புறம்போக்கையும் சங்கிலி பிடித்து அளந்தவர். "எந்த இடம்" என்று அவர் கேட்டால், ஊர்ப்பெயரைச் சொல்லி நகர்ந்துவிட முடியாது. எல்லைக்கல் எங்கே, நான்குமால் என்ன என்று அடுத்தடுத்து வரும். அந்த வார இறுதியில் மூவரும் குளோண்டார்ஃபுக்குப் போனோம். பிரையன் போரு பெயரில் ஒரு தெரு இருக்கிறது. அவனுடைய கோட்டையின் பெயரில் கின்கோரா சாலை இருக்கிறது. 'கான்கர் ஹில்' என்று, வெற்றியைச் சொல்வதுபோல ஒரு சாலையும் இருக்கிறது. காசில் அவென்யூவில் சுவரோரமாக, பிரையன் போரு கிணறு என்று 19ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒரு நீரூற்று. நாய்களோடு நடந்துவந்த வயதான தம்பதியிடம் போர் நடந்த இடம் எது என்று விசாரித்தேன். அந்த அம்மா கடலைக் காட்டினார், அவர் கணவர் நகரத்துப் பக்கம் கையை நீட்டினார். அப்பா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இடம் தெரியாத சண்டைக்கு இத்தனை தெருப்பேரா?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. எனக்கும்தான். ஒன்பது வருஷமாக இங்கே குடியிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் தேதியோடு சொல்லும் ஒரு போரின் களத்தை யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதன் பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

போரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தை ஒரே குடையின் கீழ் கொண்டுவந்த பிரையனை எதிர்த்து, அயர்லாந்தின் கிழக்குப் பகுதியான லென்ஸ்டரின் அரசன் மால் மோர்தாவும், டப்ளினை ஆண்ட வைக்கிங் அரசன் சிட்ரிக்கும் கூட்டுச் சேர்ந்தார்கள். ஆர்க்னித் தீவுகளிலிருந்தும் மான் தீவிலிருந்தும் துணைக்குக் கப்பல்கள் வந்தன. இதை அயர்லாந்துக்காரர்களுக்கும் அந்நியர்களுக்கும் நடந்த சண்டை என்று சொல்வது பாதிதான் சரி. லென்ஸ்டர்க்காரர்கள் அசல் அயர்லாந்துக்காரர்கள், அவர்கள் நின்றது வைக்கிங்குகள் பக்கம். சிட்ரிக்கின் மனைவியோ பிரையனின் மகள். பிரையன் பக்கம் வென்றது. ஆனால் பிரையனும் அவன் மகன் முர்ஹத்தும் பேரன் டர்லாக்கும் அந்த ஒரே நாளில் செத்துப்போனார்கள். தோற்ற சிட்ரிக் நகரத்து மதிலுக்குள்ளேயே இருந்ததால் பிழைத்து, 1036 வரை டப்ளினை ஆண்டான்.

இடத்தின் பெயரைச் சொல்லாத குறிப்புகள்

குளோண்டார்ஃப் போர் என்று பெயர் இருக்கிறதே, அப்புறம் என்ன சந்தேகம் என்றுதான் நானும் நினைத்தேன். பழைய குறிப்புகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததும் அந்தப் பெயரே கைநழுவியது. மடாலயங்களில் ஆண்டுவாரியாக எழுதி வைத்த குறிப்புகளில் மிகவும் மதிக்கப்படுபவை அல்ஸ்டர் குறிப்புகள். அவை பிரையன் டப்ளினுக்குப் படை நடத்திவந்ததைச் சொல்கின்றன. வைக்கிங்குகளோடு 1000 கவச வீரர்கள் இருந்ததைச் சொல்கின்றன. இதுவரை கண்டிராத சண்டை என்கின்றன. மாண்டவர்களின் பெயர்களை வரிசையாக அடுக்குகின்றன. நடந்த இடம் மட்டும் இல்லை. பிரையனின் சொந்த மண்ணான மன்ஸ்டர் பக்கத்து இனிஸ்ஃபாலன் குறிப்புகளும் டப்ளின் என்பதோடு நின்றுவிடுகின்றன. வடக்கே ஐஸ்லாந்துக் கதைகளில் இந்தப் போருக்கு வழங்கும் பெயர் 'பிரையன் போர்'. அவர்களுக்கு ஆளின் பெயர் போதுமாக இருந்தது, ஊரின் பெயர் தேவைப்படவில்லை.

இடத்தை விரிவாகப் பேசும் நூல் ஒன்று உண்டு. அயர்லாந்துக்காரர்கள் அந்நியர்களோடு செய்த போர்களைச் சொல்லும் 'கோகா' என்ற நூல். பிரையனின் கொள்ளுப்பேரன் காலத்தில், போர் முடிந்து ஏறத்தாழ நூறு வருஷம் கழித்து, அந்தக் குலத்தின் பெருமையைப் பாட எழுதப்பட்டது. மிகைகள் நிறைய. ஆனால் குளோண்டார்ஃப் அணைப்படலும், துவ்கல் பாலமும், டோமர் காடும், கடலும் அதில்தான் வருகின்றன. அணைப்படல் என்று நான் சொல்வது கல் அணையை அல்ல. ஆற்று முகத்துவாரத்தில் கழிகளை வரிசையாக நட்டு, இடையிடையே சுள்ளி பின்னி, ஏறிவந்த கடல் இறங்கும்போது மீன் உள்ளேயே சிக்கிக்கொள்கிற மாதிரி கட்டுவது. இந்தச் சண்டைக்கே 'குளோண்டார்ஃப் அணைப்படல் போர்' என்றொரு பழைய பெயர் உண்டு. பிரையனின் பேரன் டர்லாக் அங்கேதான் இறந்தான் என்கிறது நூல். ஓடியவர்களைத் துரத்திக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறான். அலை அவனை அணைப்படலில் மோதியடித்தது. எதிரி ஒருவன் அடியில், இரு கையிலும் கைக்கொருவன், உடம்பில் ஒரு கழி குத்தி நிற்க மூழ்கிப்போனான். அவனுக்கு வயது பதினைந்து. இதை அப்பாவுக்குப் படித்துச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய், பந்து விளையாடப் போன பேரன் வருகிறானா என்று ஜன்னலில் பார்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் அவராகவே ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டார். "சரி, நான்குமால் சொல்லு." நூலில் இருந்ததைச் சொன்னேன். மேற்கே டப்ளின் நகரத்து மதில். தெற்கே லிஃபி ஆறு. ஒரு பக்கம் டோமர் காடு. கிழக்கே கடல். நடுவே எங்கேயோ டோல்கா ஆறும் அணைப்படலும். டோல்காவிலிருந்து டப்ளின் வரைக்கும் எதிரியை விரட்டியதாக வேறொரு ஆண்டுக்குறிப்பும் சொல்கிறது, அதையும் குறித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். காடு? காடு எப்போதோ அழிந்துபோனது, எங்கே நின்றது என்பதிலேயே தகராறு. அணைப்படல்? கழியும் சுள்ளியும் ஆயிரம் வருஷம் நிற்குமா. மதில்? அதில் துண்டு துண்டாக மிச்சம் உண்டு, வுட் கீ பக்கம். கடல்? கடல் இருக்கிறதே என்று வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டேன். அதற்கு முந்தின வாரம்தான் நாங்கள் இருவரும் நார்த் ஸ்ட்ராண்ட் சாலையில் நடந்திருந்தோம்.

தெருப் பெயரில் இருக்கும் கடற்கரை

நார்த் ஸ்ட்ராண்ட் என்றால் வடக்குக் கடற்கரை. இன்றைக்கு அங்கே நின்றால் பேருந்தும் சிகை அலங்காரக் கடையும் பழைய செங்கல் வீடுகளும்தான். தண்ணீர் என்று பார்த்தால் ஒரு கால்வாய். அதற்குக் கிழக்கே ஈஸ்ட் வால், கடலைத் தடுக்கக் கட்டிய கரையின் பெயரே பேட்டையின் பெயராகிவிட்டது. அதற்குத் தெற்கே நார்த் லாட்ஸ். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகராட்சி, இன்னும் கடலாக இருந்த பரப்பை மனைகளாக வரைபடத்தில் பிரித்துச் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுத்தது. குலுக்கல் சீட்டுதான் 'லாட்'. தண்ணீருக்கு மனை எண் போட்ட அந்தக் கதையைச் சொன்னதும் அப்பாவுக்கு வியப்பு அடங்கவே இல்லை. குளோண்டார்ஃபுக்கு எதிரே ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு நீண்டு கிடக்கும் புல் தீவோ, 1820களில் துறைமுகத்துக்காக புல் வால் கட்டி முடித்தபின் மணல் சேர்ந்து சேர்ந்து எழுந்த தீவு. பிரையன் பார்த்திருக்க முடியாத தீவு. என் மகன் சனிக்கிழமைதோறும் பந்து விளையாடும் ஃபேர்வியூ பூங்காவும் அப்படித்தான். டோல்கா கடலோடு கலக்கும் இடத்தில், ஓதம் ஏறினால் மூழ்கி இறங்கினால் சேறாகக் கிடந்த திட்டு, 20ஆம் நூற்றாண்டில்தான் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கப்பட்டது.

அதாவது, போர் நடந்ததாகச் சொல்லப்படும் பரப்பில் பாதி அன்றைக்கு நிலமே இல்லை. கரை இன்னும் உள்ளே தள்ளி இருந்தது. முகத்துவாரம் அகலமாகவும் சேறாகவும் இருந்தது. கடல் அதை மறந்துவிட்டதாகவும் தெரியவில்லை. 2002 பிப்ரவரி 1 அன்று பெரிய ஓதமும் காற்றும் சேர்ந்தபோது ஈஸ்ட் வால் வீடுகளுக்குள்ளும் குளோண்டார்ஃப் சாலையிலும் தண்ணீர் புகுந்தது. அதில் நனைந்த தரைவிரிப்பை வீதியில் போட்டு உலர்த்திய கதையைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா இன்றும் சொல்வார்.

இந்தப் போருக்கு உரியது என்று உறுதியாகச் சொல்லும்படி ஒரு வாளோ புதைகுழியோ கிடைக்கவில்லை. கிடைக்காததற்குக் காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. களத்தில் ஒரு பகுதி சேற்றில் நடந்தது. அந்தச் சேற்றின் மேல் ரயில் பாதையும் துறைமுகக் கிடங்கும் வீடுகளும் வந்துவிட்டன. அயர்லாந்தில் இப்படி இடம் தொலைந்த போர் இது ஒன்று மட்டுமல்ல. இதே பிரையன் 999 டிசம்பர் கடைசியில் இதே சிட்ரிக்கையும் மால் மோர்தாவையும் முறியடித்த கிளென் மாமா போருக்கு, கில்டேர் எல்லையில் லயன்ஸ் குன்றுப் பக்கம் என்றும், தெற்கே விக்லோவில் டன்லாவின் பக்கம் என்றும் இரண்டு கட்சி. 917இல் வைக்கிங்குகள் வென்ற கான்ஃபே போரை சிலர் டப்ளினுக்கு மேற்கே லீக்ஸ்லிப்பில் வைக்கிறார்கள். குறிப்பிலோ கப்பற்படை லென்ஸ்டர் கரையில் இறங்கியதாக இருக்கிறது, லீக்ஸ்லிப்பில் கடற்கரை கிடையாது. அதனால் வேறு சிலர் தெற்கே கார்லோ மாவட்டத்துக்கு நகர்த்துகிறார்கள். அவற்றோடு ஒப்பிட்டால் குளோண்டார்ஃபின் இழுபறி சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் வீட்டு வாசலில் நடந்த இழுபறிதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

"அன்னிக்கு என்ன திதி?"

ஒரு ராத்திரி சாப்பிட்டு முடித்துத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார். "ஏம்மா, அந்த வெள்ளிக்கிழமை என்ன திதி?" எனக்குப் புரியவில்லை. "கடலோரச் சண்டைன்னு சொல்ற. தண்ணி எங்க நின்னுச்சுன்னு தெரியாம இடத்த எப்படிப் பாப்ப? திதி தெரிஞ்சா தண்ணி தெரியும்." வேதாரண்யத்தில் அமாவாசை, பௌர்ணமிக்கு வெள்ளம் ஏறும் என்று தெரிந்துகொண்டுதான் உப்பளத்தில் சங்கிலியை இறக்குவார்களாம். அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. டப்ளினில் பௌர்ணமியை ஒட்டி அது மூன்று மீட்டரைத் தாண்டும். வந்த முதல் வாரம் குளோண்டார்ஃப் கரையில் காலையில் பார்த்த கடலை மத்தியானம் காணாமல் திகைத்தவர் அவர்.

திதியைக் கண்டுபிடிக்க நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. ஈஸ்டரே நிலவை வைத்து வருகிற பண்டிகைதான். வசந்தகாலப் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. 1014இல் ஈஸ்டர் ஏப்ரல் 25, வரக்கூடியதிலேயே கடைசித் தேதி. அந்த வருஷத்துப் பண்டிகைகள் இப்படித் தள்ளிப்போனது முன்னெப்போதும் கேள்விப்படாத அதிசயம் என்று அல்ஸ்டர் குறிப்புகள் போர்ச் செய்திக்கு முந்தின வரியிலேயே பதிந்துவைத்திருக்கின்றன. திருச்சபைக் கணக்கில் பௌர்ணமி ஏப்ரல் 18, ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமையே பௌர்ணமி வந்ததால் ஈஸ்டர் அடுத்த ஞாயிறுக்குப் போயிற்று. வானத்து நிலவு அந்தக் கணக்குக்கு ஒரு நாள் முந்தியே முழுமையாகியிருந்தது. அப்படியானால் 23ஆம் தேதி வெள்ளிக்கிழமை தேய்பிறை சஷ்டி வாக்கில் வருகிறது. அப்பா தாளில் எழுதினார். டப்ளினில் பௌர்ணமியன்று கடல் நிறைவது ஏறக்குறைய நடுப்பகலிலும் நள்ளிரவிலும். ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிஷம் தள்ளும். ஆறு நாளுக்கு முந்நூறு நிமிஷம், ஐந்து மணி நேரம். "விடியக்காலம் அஞ்சு மணிவாக்குல ஒரு ஏத்தம், சாயங்காலம் அஞ்சு மணிவாக்குல ஒரு ஏத்தம்" என்று அடிக்கோடு போட்டார்.

என் கை நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த நூலில் அப்படியேதான் இருக்கிறது. காலையில் சூரியன் எழும்போது கடல் நிறைந்திருந்தது, சண்டை தொடங்கியது. சாயங்காலம் அதே ஓதம் மறுபடி நிறையும்வரை நடந்தது. காலை ஏற்றம் கப்பல்களைக் கரையிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. மாலையில் தோற்று ஓடியவர்களுக்கு முன்னால் கடல். ஒதுங்கக் காடும் எட்டவில்லை. கூட்டம் கூட்டமாக மூழ்கினார்கள்.

இதே கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்த்த ஒருவர் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நூலை 1867இல் பதிப்பித்த ஜேம்ஸ் ஹென்தார்ன் டாட், டிரினிட்டி கல்லூரியில் பாறைகளை ஆராயும் நிலவியல் துறைப் பேராசிரியர் சாமுவேல் ஹாட்டனிடம் ஒரு கேள்வி கொடுத்தார். 1014 ஏப்ரல் 23 அன்று குளோண்டார்ஃப் கரையில் கடல் எத்தனை மணிக்கு நிறைந்திருக்கும்? எதற்காகக் கேட்கிறார் என்பதைச் சொல்லவில்லை. ஹாட்டன் கணக்குப் போட்டுச் சொன்ன பதில்: காலை 5 மணி 30 நிமிஷம், மாலை 5 மணி 55 நிமிஷம். கண்ணால் கண்டவர்கள் சொன்னதைக் கேட்காமல் இப்படி எழுத முடியாது என்று டாட் முடிவுகட்டினார். எனக்கு அதில் முழு நிச்சயம் இல்லை. நிலவுக்கும் ஓதத்துக்கும் உள்ள தொடர்பை 8ஆம் நூற்றாண்டிலேயே பீட் என்ற ஆங்கிலத் துறவி விளக்கமாக எழுதியிருக்கிறார். ஈஸ்டரைக் கணக்கிடத் தெரிந்த எந்தத் துறவிக்கும் அன்றைய நிலவின் வயது தெரியும். அப்பா சாப்பாட்டு மேசையில் செய்ததை 12ஆம் நூற்றாண்டில் ஒரு துறவியும் செய்திருக்கலாம். ஆனாலும், புகழ்பாட உட்கார்ந்தவர் ஓதக் கணக்குப் போட மெனக்கெடுவாரா? பேரனைப் பலிகொண்ட தண்ணீர் எப்போது ஏறியது என்பது அந்தக் குடும்பத்தில் வாய்வழியாக வந்திருக்கும் என்றுதான் என் மனம் சொல்கிறது.

எது எப்படியோ, நேரம் கிடைத்துவிட்டது, அரை மணி துல்லியத்தில். இடம்தான் கிலோமீட்டர் கணக்கில் ஆடுகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒன்றைத் தேடும்போது இடம் நிற்கும், நேரம் கரைந்துபோகும் என்றுதான் எப்போதும் நினைத்திருந்தேன்.

பாலிபாக் பாலம், விடிகாலை

அடுத்த தேய்பிறை அரைநிலவுக்கு முந்தின நாளைப் பார்த்து வைத்துக்கொண்டு, விடிவதற்கு முன்பே அப்பாவும் நானும் கிளம்பினோம். மகன் எழுந்திருக்கவில்லை. கோடைகாலக் கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடுவதால் இங்கே கடிகாரத்தில் ஆறு மணி வாக்கில்தான் வெளிச்சமும் ஏற்றமும் சேர்ந்து வரும். பாலிபாக்கில் டோல்காவின் மேலுள்ள பாலத்துக்கு இப்போது லூக் கெல்லி என்ற பாடகரின் பெயர். பழைய அணைப்படல் அந்தப் பாலத்தை ஒட்டித்தான் இருந்தது என்று பலகாலமாகச் சொல்லி வருகிறார்கள். தெற்கு வானத்தில் நிலவு பாதியாகத் தேய்ந்து வெளுத்து நின்றது. அப்பா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் நீர் கடலை நோக்கி நழுவிக்கொண்டிருந்த மாதிரிதான் இருந்தது. பிறகு ஒரு பிளாஸ்டிக் பாட்டில், பாலத்தடியில் வந்து நின்று, தயங்கி, மெல்ல மேற்கே திரும்பியது. மேல்நோக்கி, ஆறு வந்த வழியே போக ஆரம்பித்தது. சத்தமே இல்லை. சுவரில் பாசி படிந்த கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கால்மணி நேரத்தில் ஓரத்துச் சேறு முழுக்க உள்ளே போய்விட்டது.

"இது சின்ன வெள்ளம்" என்றார் அப்பா. "அஷ்டமிக்கு முந்தி எப்பவும் வலு கம்மி. பௌர்ணமியில வந்திருந்தா இன்னும் மேல ஏறியிருக்கும்." அதுவரை எனக்குத் தோன்றாத விஷயம் இது. போர் நடந்த நாளும் அப்படிப்பட்ட நாள்தான். நூல் வருணிக்கிற மாதிரி மலைபோல் எழுந்த அலை அல்ல. ஆனால் தட்டையான சேற்றுக் கரையில் ஆழம் தேவையே இல்லை. முழங்கால் அளவு தண்ணீர் சில நூறு மீட்டருக்குப் பரவினால் போதும், இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு பகல் முழுக்க வெட்டிக் களைத்தவனால் அதில் ஓட முடியாது. கப்பல் கண்ணுக்குத் தெரியும், போய்ச் சேர முடியாது. அப்படிப்பட்ட கரை இன்றைய குளோண்டார்ஃப் மேட்டில் கிடையாது. அது இந்த முகத்துவாரத்தில் இருந்தது. மீன்பிடிக்கும் அணைப்படலும் இங்கேதான் பொருந்தும். ஏறி இறங்கும் தண்ணீர் ஒரு வாய்க்குள் குறுகும் இடத்தில்தான் கழி நடுவார்கள். குளோண்டார்ஃப் அணைப்படல் என்றால் குளோண்டார்ஃபுக்குள் இருந்தது என்று பொருளாக வேண்டியதில்லை. குளோண்டார்ஃப் மடத்தாருக்குச் சொந்தமானது என்றும் இருக்கலாம். பக்கத்து ஊர்க்காரன் குளத்துக்கு அந்த ஊரின் பெயர் வைப்பதில்லையா. டோல்காவின் வாய்தான் சண்டை முடிந்த இடம் என்று எனக்கு அன்று காலை படிந்தது, இன்றுவரை மாறவில்லை.

முடிந்த இடம் என்று பார்த்துத்தான் சொல்கிறேன். தொடங்கிய இடம் வேறாக இருக்கலாம். அன்றைக்கே அப்பாவை வுட் கீக்கு அழைத்துப்போனேன். பழைய மதில் இருந்த மேட்டில், கிறைஸ்ட் சர்ச் பேராலயத்துப் பக்கம் நின்றுகொண்டோம். சிட்ரிக்கும் பிரையனின் மகளும் மதில்மேல் நின்று பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்கிறது நூல். நம் ஆட்கள் கதிர் அறுப்பதுபோல் அறுக்கிறார்கள், எத்தனை கட்டு விழுகிறது பார் என்றான் அவன். பொழுது சாயட்டும், அப்போது பேசு என்றாள் அவள். பொழுது சாய்ந்தது. அவர்கள் தங்கள் சொந்த வீடான கடலுக்குள்ளேயே போகிறார்கள், வெயிலில் ஈ மொய்த்த மாடுமாதிரி ஓடுகிறார்கள், கறக்கத்தான் நிற்கவில்லை என்றாள். அவன் அடித்த அடியில் அவளுக்கு ஒரு பல் உடைந்தது. இந்தப் பேச்சு கற்பனையாகவே இருக்கட்டும். சொன்ன கவிஞனுக்கு, மதிலிலிருந்து களம் தெரியும் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. குளோண்டார்ஃப் கோட்டை இங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் மனிதர் ஓடுவது கண்ணுக்கு எட்டாது. டோல்கா பாலம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. இன்றைக்கு இடையில் கட்டடங்கள்தான் தெரிகின்றன. வெறும் புல்வெளியும் சேறுமாக இருந்தால் தெரிந்திருக்கும், அலையில் வெயில் பட்டு மின்னுவதாவது தெரிந்திருக்கும். தவிர, காலை ஏற்றத்திலிருந்து மாலை ஏற்றம் வரைக்கும் பன்னிரண்டு மணி நேரம் நீண்ட சண்டை ஒரே இடத்தில் நின்று நடந்திருக்காது. நகரத்துக்கும் முகத்துவாரத்துக்கும் நடுவே, இன்றைக்கு மவுண்ட்ஜாய் சதுக்கமும் நார்த் ஸ்ட்ராண்டும் இருக்கும் பரப்பு முழுக்க முன்னும் பின்னுமாக அலைந்திருக்கும்.

பிரையன் விழுந்த இடத்தைப் பற்றி எனக்கு எந்த எண்ணமும் இல்லை. கூடாரத்தில் ஜெபம் செய்துகொண்டிருந்தபோது வெட்டப்பட்டான் என்கிறார்கள். உடலை வடக்கே ஸ்வார்ட்ஸுக்கும் அங்கிருந்து அர்மாவுக்கும் கொண்டுபோனார்கள். கூடாரம் எங்கே போட்டிருந்தான் என்பதற்கு ஆளுக்கொரு கதை. அதை அப்பாவும் கேட்கவில்லை. அவர் மனம் அந்தப் பையனிடம் நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். பாலத்திலிருந்து திரும்பும்போது, "கழி எவ்வளவு உசரம் இருந்திருக்கும்?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், புலப்படம் வரைகிற பழக்கத்தில் ஒரு தாள் முழுக்கப் பென்சிலால் வரைந்து கொடுத்துவிட்டுப் போனார். மேற்கே மதிலுக்குப் பட்டைக் கோடு. லிஃபிக்கு இரட்டைக் கோடு. காட்டுக்கு மரக்குறி போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. டோல்காவின் வாயில் ஏழெட்டுச் சின்னக் குச்சிகள். கிழக்கு எல்லைக்கு மட்டும் கோடு இழுக்காமல் இரண்டு வரிசைப் புள்ளிகள் வைத்திருக்கிறார். ஒன்றின் மேல் 'ஏற்றம், காலை 5.30, மாலை 5.55'. இன்னொன்றின் மேல் 'வற்றம்'. இரண்டு புள்ளி வரிசைக்கும் நடுவே, இப்போது கோல் கம்பம் நிற்கும் இடத்தில், 'தண்ணீர்' என்று எழுதியிருக்கிறார். என் மகன் அதைத் தன் மேசைக்கு மேலே ஒட்டிவைத்துக்கொண்டான். போன சனிக்கிழமை ஆட்டம் முடிந்து வந்தவன், சேறு அப்பிய காலணியைக் கழற்றாமலேயே போய், தான் நின்ற இடத்தை அதில் விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தான்.